திமிங்கில மீன்: மூன்று குடும்பங்கள் ஒன்றான கதை

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். அவரிடம் உள்ள பழைய மீனியல் நூலில் ஆழ்கடல் மீன்களைப் பற்றிய பகுதியில் திமிங்கில மீன், பெருமூக்கு மீன், நாடாவால் மீன் என்று மூன்று தனிக் குடும்பங்கள் இருக்கின்றன. இப்போது தேடினால் திமிங்கில மீன் குடும்பம் மட்டும்தான் அகப்படுகிறது. மற்ற இரண்டும் அழிந்துவிட்டனவா என்பது முதல் கேள்வி. அழியவில்லை, வகைப்படுத்தியவர்கள்தான் தப்பு செய்தார்கள் என்றால், மற்ற வகைப்பாடுகளை மட்டும் எப்படி நம்புவது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். எதுவும் அழியவில்லை, நாடாவால் மீன் என்பது திமிங்கில மீனின் குஞ்சு, பெருமூக்கு மீன் அதன் ஆண், திமிங்கில மீன் என்று நாம் அழைத்துவந்தது அதன் பெண். இரண்டாவது கேள்விதான் அவர் உண்மையில் கேட்க வந்தது என்று நினைக்கிறேன். அதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி. இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் விலங்கியல் கற்பித்தவன், அதில் பாதிக் காலம் மீன் வகைப்பாடு. இழுவலையில் வந்த குவியலை மேசையில் கொட்டி இனம் இனமாகப் பிரிக்கும் வேலையும் செய்திருக்கிறேன். ஆனால் திமிங்கில மீனை ஒரே ஒரு முறைதான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு சேகரிப்பு அறையில், ஃபார்மலினில் பல வருடம் கிடந்து பழுப்பேறிப்போன ஒரு பெண் மீன். ஆணையும் குஞ்சையும் படங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும்தான் பார்த்திருக்கிறேன். மரபணு ஆய்வு என் துறை இல்லை. அதன் முடிவுகளைப் படித்துப் புரிந்துகொள்வேன், அவ்வளவுதான்.

பெண்ணிலிருந்து தொடங்கலாம். செட்டோமிமிடே என்ற இந்தக் குடும்பத்தை அமெரிக்க மீனியலாளர்களான குட், பீன் இருவரும் 1895-இல் விவரித்தார்கள். செட்டோமிமஸ் என்றால் திமிங்கிலத்தைப் போல நடிப்பது என்று பொருள். திமிங்கிலம் என்றதும் அளவை நினைத்துவிடாதீர்கள், மிகப் பெரிய பெண்ணே 40 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. பெயர் வந்தது உருவத்தால். தலை பெரிது, வாய் கண்ணையும் கடந்து வெகுதூரம் பின்னால் போகிறது, முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் வாலை ஒட்டி ஒன்றுக்கொன்று நேராக அமைந்திருக்கின்றன, வயிற்றுத் துடுப்பு கிடையாது. பக்கவாட்டில் பார்த்தால் சின்னத் திமிங்கிலம் போலத்தான் தெரியும். பின்னாளில் இதே குடும்பத்தில் இன்னொரு பேரினத்துக்கு கைரினோமிமஸ் என்று பெயர் வைத்தார்கள். அதற்குத் தலைப்பிரட்டையைப் போல நடிப்பது என்று அர்த்தம். எனக்கு இந்தப் பெயர்தான் அதிகம் பொருத்தமாகப் படுகிறது. காரணம் பின்னால் வரும்.

கண்கள் பெரும்பாலான இனங்களில் கடுகு போலச் சுருங்கிவிட்டன. அதற்கு ஈடாகப் பக்கக்கோடு பிரமாதமாக வளர்ந்திருக்கிறது. பக்கக்கோடு என்பது மீன் தன்னைச் சுற்றியுள்ள நீரின் அசைவை உணரும் உறுப்பு; கெண்டை மீனின் விலாவில் செவுள் மூடியிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடுமே, அதுதான். கெண்டையில் அது ஊசித்துளைகளால் ஆன மெல்லிய கோடு. திமிங்கில மீனிலோ தோலுக்கடியில் அகலமான குழாய், அதன்மேல் பெரிய பெரிய திறப்புகள். தலையிலும் அப்படியே. நான் பார்த்த மீனில் கண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, பக்கக்கோட்டுத் துளைகளோ எடுத்தவுடனே தெரிந்தன. வெளிச்சமே எட்டாத ஆயிரம் மீட்டருக்குக் கீழே வாழும் மீனுக்குக் கண்ணைவிட இதுதான் பயன்படும். செதில் கிடையாது, தோல் தளர்ந்து தொங்கும், வயிறு ரப்பர் பைபோல விரியும். உயிரோடு இருக்கும்போது நிறம் ஆரஞ்சோ சிவப்போ கலந்த பழுப்பு. சிவப்பு ஒளி கடலின் மேலடுக்கிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் அந்த ஆழத்தில் சிவப்பு மீன் கறுப்பாகத்தான் தெரியும். ஜாடிக்குள் போனதும் அந்த நிறமும் போய்விடும். 2022-இல் கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவுக்கு வெளியே சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில் ஓர் ஆளில்லாக் கலம் எடுத்த காணொளியில் இந்த மீனை உயிரோடு பார்த்தபோது, நான் பார்த்த பழுப்புக் கட்டியும் இதுவும் ஒரே குடும்பம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அடுத்தது ஆண். மெகலோமிக்டெரிடே என்ற பெயரில் 1966-இல் தனிக் குடும்பமாக ஏற்படுத்தினார்கள். பெயரின் பொருள் பெரிய மூக்கு. விரல் நீளம்தான் இருக்கும் மெலிந்த மீன். முகத்தின் முன்பக்கம் முழுவதையும் மோப்ப உறுப்புகள் பிடித்துக்கொண்டிருக்கும். தாடை சிறியது, மேல்தாடை அசையாது. வயிற்றைத் திறந்தால் உணவுக்குழாயும் இல்லை, இரைப்பையும் இல்லை. அந்த இடத்தை ஒரு பெரிய ஈரலும் விந்தகங்களும் நிரப்பியிருக்கும். பெண்ணுக்குச் செதிலே கிடையாது. ஆணில் ஒரு பேரினத்தின் பெயரே அட்டாக்ஸோலெப்பிஸ், ஒழுங்கற்ற செதில் என்று பொருள். இதையும் மேலே சொன்ன பெண்ணையும் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரே இனமா என்று கேட்டால் எந்த மாணவனும் இல்லை என்றுதான் எழுதுவான். நானும் அதற்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

மூன்றாவது, நாடாவால் மீன், அதாவது மிராபின்னிடே. பெர்டெல்சன், மார்ஷல் இருவரும் 1956-இல் விவரித்த குடும்பம். கடலின் மேல் 200 மீட்டருக்குள் வாழும் சின்ன மீன். வாய் மேல்நோக்கித் திரும்பியிருக்கும். கோபிபாட் எனப்படும் நுண்ணிய ஓட்டுயிரிகளைக் கொத்தித் தின்னும். பலவற்றின் வாலிலிருந்து உடலைப்போலப் பல மடங்கு நீளமான மெல்லிய நாடா ஒன்று தொங்கும். இதற்கு வயிற்றுத் துடுப்பு உண்டு, அதுவும் தொண்டைக்கு அருகில். இந்தக் குடும்பத்தின் முதல் மாதிரி 1911-இல் அசோர்ஸ் தீவுகளின் பக்கம் பிடிபட்டது. உடம்பெல்லாம் மயிர்போன்ற தோல் வளர்ச்சி இருந்ததால் மிராபின்னா ஏசா என்று பெயரிட்டார்கள். விவிலியத்தில் ஈசாக்கின் மூத்த மகன் ஏசா உடல் முழுக்க ரோமத்தோடு பிறந்தவன், அந்தக் கதைதான். ஜாடியில் 45 வருடம் காத்திருந்து பெயர் வாங்கிய மீன் அது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இவர்கள் தப்பு செய்தார்களா? எலும்பைப் படித்ததில் தப்பில்லை. மீன்களில் ஒரு குடும்பத்தை வரையறுக்க நாம் பார்ப்பது தாடை எலும்புகள், செவுள் வளைவுகள், துடுப்புகளின் இடமும் கதிர்களின் எண்ணிக்கையும், செதில், பக்கக்கோடு, முதுகெலும்புக் கண்ணிகள் போன்றவற்றை. இந்த மூன்றும் அந்த விஷயங்களில் உண்மையாகவே வேறுபடுகின்றன. சாதாரணமாக இரண்டு குடும்பங்களுக்கு இடையே இருப்பதைவிட அதிகமாகவே வேறுபடுகின்றன. 1956-இலும் 1966-இலும் எழுதப்பட்ட உடற்கூறு விவரங்களை இன்றும் பயன்படுத்தலாம். கோளாறு வேறு இடத்தில். ஒரு ஜாடியில் இருப்பது ஒரு மீனின் வாழ்க்கையில் ஒரு நாள். அந்த ஒரு நாளை முழு மீனாக எடுத்துக்கொண்டதில்தான் சறுக்கல்.

நிலத்தில் இது எளிதில் நடக்காது. குட்டையில் தலைப்பிரட்டைக்குக் கால் முளைப்பதையும் வால் கரைவதையும் குழந்தைகள்கூடப் பார்த்துவிடுகிறார்கள். குட்டையையே பார்க்காத ஒருவரிடம் ஒரு ஜாடியில் தலைப்பிரட்டையும் இன்னொன்றில் தவளையும் அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆழ்கடலில் நம் நிலைமை அதுதான். குஞ்சு மேலே 200 மீட்டருக்குள், பெரியவை ஆயிரம் மீட்டருக்குக் கீழே. மேலே போடுவது நுண்கண் வலை, கீழே போவது பெரிய நடுநீர் இழுவலை. பல நேரம் இரண்டும் வெவ்வேறு பயணங்கள், வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு அலமாரிகள். இடையில் உருமாறிக்கொண்டிருக்கும் மீன் அகப்படுவது அபூர்வம், ஏனென்றால் அந்தக் கட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். கரையோர மீனிலேயே இந்தக் குழப்பம் உண்டு. நாக்கு மீனின் குஞ்சு மற்ற மீன்களைப்போலவே இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணோடு நிமிர்ந்து நீந்தும், பிறகுதான் ஒரு கண் மறுபக்கத்துக்கு நகரும். என் முதல் வருடத்தில் அப்படி ஒரு குஞ்சை வேறு ஏதோ மீன் என்று எழுதி வைத்து, பக்கத்து மேசைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விசித்திரம் என்னவென்றால் விடை சேகரிப்பு அறைகளிலேயே இருந்தது. சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான் பாக்ஸ்டன் உலகெங்கும் உள்ள திமிங்கில மீன்களைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்து 1989-இல் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டார். காலப்போக்கில் சேர்ந்த அறுநூறு சொச்சம் திமிங்கில மீன்களில் ஓர் ஆண்கூட இல்லை. சுமார் 65 பெருமூக்கு மீன்கள் கிடைத்திருந்தன, அத்தனையும் ஆண். நாடாவால் மீன்கள் ஏறக்குறைய 120, ஒன்றுகூட இனப்பெருக்க முதிர்ச்சி அடைந்ததில்லை. மூன்று பட்டியல்களிலும் ஆணா பெண்ணா என்று காட்டும் பத்தியை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னோக்கிப் பார்க்கும்போது கண்ணைக் குத்துகிறது. ஆனால் இதைச் சொல்லும் நானும் அந்தக் காலத்தில் மூன்று குடும்பம் என்றுதான் கரும்பலகையில் எழுதினேன்.

இப்படி நடந்தது முதல் தடவையும் இல்லை. விலாங்கின் குஞ்சு கண்ணாடி இலைபோல இருக்கும். அதை லெப்டோசெஃபாலஸ் என்று தனிப் பேரினமாகவே வைத்திருந்தார்கள். 1890-களில் இத்தாலிய விலங்கியலாளர்களான கிராஸியும் கலாந்துருச்சியோவும் அது விலாங்காக மாறுவதைக் கண்டுபிடித்தார்கள். ஆழ்கடல் தூண்டில் மீனில், பெண்ணின் உடலில் ஒட்டிக்கொண்டிருந்த சின்ன மீன்களை 1922-இல் ஐஸ்லாந்தின் சேமுண்ட்ஸன் குட்டிகள் என்று நினைத்தார். அவை ஒட்டுண்ணியாக வாழும் ஆண்கள் என்று பிரிட்டிஷ் மீனியலாளர் ரீகன் 1925-இல் விளக்கினார். ஒட்டாமல் தனியே திரிந்த ஆண்களும் ரொம்ப நாள் வேறு குடும்பமாகவே புத்தகங்களில் இருந்தன. நம் திமிங்கில மீனுக்குத் தூரத்து உறவில் இன்னொன்று உண்டு. 1965-இல் கசிடோரான் ஏதோம் என்று ஒரு மீனுக்குப் பெயரிட்டு அதற்கும் தனிக் குடும்பம் கொடுத்தார்கள். ஏதோம் என்பது ஏசாவின் இன்னொரு பெயர், தற்செயலாக வைத்ததாகத் தோன்றவில்லை. அது கிபெரிக்திஸ் என்ற, ஏற்கெனவே தெரிந்த மீனின் இளம்பருவம் என்று 1977-இல் டி சில்வாவும் எஷ்மேயரும் காட்டினார்கள். ஆக, ஏசாவும் ஏதோமும் இரண்டு பேருமே குஞ்சுகள்.

திமிங்கில மீனின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியது ஜப்பானில். மசாகி மியாவின் குழு 2003-இல் ஏராளமான எலும்பு மீன்களின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து ஒப்பிட்டது. அதில் ஒரு நாடாவால் மீனும் ஒரு திமிங்கில மீனும் கிட்டத்தட்ட ஒரே வரிசையைக் காட்டின. எலும்பைப் பார்த்துப் பழகியவர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, பாக்ஸ்டன் உட்பட. இது பிடிவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். சோதனைக் குழாய் மாறியிருக்கலாம், மீனை அடையாளம் கண்டதில் பிழை இருக்கலாம். இவ்வளவு வேறுபட்ட இரண்டு உடல்களை இணைக்க ஒரே ஒரு வரிசை ஒற்றுமை போதாது என்று நினைப்பது நியாயம்தான். ஏன் இன்னும் பத்து மீனை எடுத்துச் சோதிக்கவில்லை என்று கேட்பீர்கள். ஃபார்மலினில் ஊறிய மீனிலிருந்து டிஎன்ஏவை ஒழுங்காக எடுப்பது பெரும்பாடு. அருங்காட்சியகங்களில் இருந்தவை பெரும்பாலும் அப்படிப் பதப்படுத்தியவை. புதிதாகப் பிடித்து, திசுவை வெட்டி ஆல்கஹாலிலோ உறைநிலையிலோ வைத்த மாதிரி வேண்டும். அதற்கு மறுபடி கப்பல், மறுபடி வலை, அப்புறம் அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டமும் வந்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சன், பாக்ஸ்டன், மியா உட்பட ஏழு பேர் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரை மூன்று குடும்பங்களையும் ஒன்றாக்கியது. முன்பு மறுத்தவரும் அதில் ஓர் ஆசிரியர் என்பதைக் கவனியுங்கள். மரபணு வரிசைகள் ஒரு பக்கம். என்னைப்போன்ற எலும்புக்காரனுக்கு நம்பிக்கை வந்தது இன்னொரு பக்கத்தால். உருமாறும் நடுவழியில் பிடிபட்ட மீன்கள் கிடைத்தன. பாதி நாடாவால், பாதி பெருமூக்கு. மாறிக்கொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொன்றின் வயிற்றிலும் கோபிபாட்களின் ஒரு திரள் கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது. கட்டுரை தரும் விளக்கம் இது: குஞ்சு கடைசியாக ஒரு முறை வயிறு முட்டத் தின்றுவிட்டு உருமாறத் தொடங்குகிறது, அந்த உணவு பெரிய ஈரலாகச் சேமிக்கப்படுகிறது, பிறகு உணவுக்குழாயும் இரைப்பையும் மறைந்துவிடுகின்றன. ஆண் தன் மிச்ச வாழ்நாளை அந்த ஈரலை வைத்துத்தான் ஓட்டுகிறது. பெரிய மூக்கு எதற்கு என்றால் இருட்டில் பெண்ணின் வாசனையைப் பிடிக்க என்று கொள்வது இயல்பானது. தூண்டில் மீனின் ஆணைப்போல இது பெண்ணோடு ஒட்டிக்கொள்வதாக எந்தச் சான்றும் இல்லை. குஞ்சு பெண்ணாக மாறும்போது எதிர்த்திசையில் போகிறது: மேல்நோக்கிய சிறுவாய் நீண்ட கிடைமட்டத் தாடையாகிறது, செவுள் வளைவுகள் பெரிய இரையை விழுங்கத் தோதாக மாறுகின்றன. வயிற்றுத் துடுப்பு போய்விடுகிறது. தலைப்பிரட்டை என்ற பெயர் பொருத்தம் என்றேனே, இதனால்தான்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அழிந்துவிட்டனவா என்ற உங்கள் சந்தேகம் அங்கேதான் பிறந்தது. விலங்குப் பெயரிடல் விதிகளில் முந்தி வந்த பெயருக்கு முன்னுரிமை. 1895, 1956, 1966 என்ற மூன்றில் மூத்தது செட்டோமிமிடே. ஆகவே அது நிற்கிறது, மற்ற இரண்டும் அதன் மாற்றுப் பெயர்களாகிவிட்டன. குடும்ப அளவில் இதோடு கணக்கு முடிந்தது. பேரினம், சிற்றினம் அளவில்தான் தலைவலி. பெண்களுக்கு ஒரு பட்டியல் பெயர், ஆண்களுக்கு ஒன்று, குஞ்சுகளுக்கு ஒன்று. எந்த ஆண் எந்தப் பெண்ணுக்கு உரியது, எந்தக் குஞ்சு யாருடையது என்று எல்லாவற்றையும் பொருத்தி முடிக்கவில்லை. பொருத்தும்போது ஆணின் பெயர் மூத்ததாக இருந்தால் அந்தப் பெயரே நிற்கும், பெண்ணின் பெயர் போய்விடும். அதனால் இன்று எந்த இணையத்தளமாவது திமிங்கில மீனில் இத்தனை சிற்றினங்கள் என்று ஓர் எண்ணைச் சொன்னால், சிலவற்றை இரண்டு தரம் எண்ணியிருக்க வாய்ப்பு உண்டு என்ற எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதை நம்பலாம்? மூன்று குடும்பம் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மரபணுவும் எலும்பும் தனித்தனி வழியில் வந்து ஒரே இடத்தில் சேர்ந்தன, நடுவழி மீன்களும் கையில் இருக்கின்றன. ரொண்டலீஷியாவும், மேல்தோல் வெல்வெட் போன்ற பார்பூரிஷியாவும் ஆகிய ஆழ்கடல் மீன்கள் இதற்கு நெருங்கிய உறவு என்பதும் பலமான கருத்துதான். இந்தக் கூட்டம் எந்த வரிசைக்குள், அதாவது குடும்பத்துக்கு மேலே உள்ள எந்தப் பிரிவுக்குள், அடங்கும் என்பதில் அவ்வளவு உறுதி கிடையாது. 1990-களின் எலும்பு ஆய்வுகள் ஸ்டெஃபானோபெரிசிஃபார்மிஸ் என்ற தனி வரிசையில் வைத்தன. பிறகு வந்த மரபணு ஆய்வுகள் பல இவற்றை பெரிசிஃபார்மிஸ் வரிசைக்குள் சேர்த்துவிட்டன. உங்கள் புத்தகமும் தளமும் இந்த இடத்தில் முரண்பட்டால் எது சரி என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது, எந்த ஆய்வைப் பின்பற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. நாடா எதற்கு என்பதும் தீரவில்லை. கொட்டும் உயிரிகளின் நீண்ட இழைபோலத் தோன்றி எதிரியை ஏமாற்ற என்று ஒரு ஊகம் உண்டு, ஊகம்தான். பெண்ணின் குதத்தையும் துடுப்பு அடியையும் ஒட்டி ஒரு பஞ்சு போன்ற திசு இருக்கிறது. ஒளிரும் உறுப்பாக இருக்கலாம் என்று எழுதினார்கள், உறுதிப்படவில்லை.

ஒரு குடும்பத்தைப் பற்றிப் படிக்கும்போது நான் இப்போதெல்லாம் முதலில் தேடுவது அதன் குஞ்சு, ஆண், பெண் மூன்றும் தெரிந்தவையா என்பதை. நம் ஊர்ச் சந்தைக்கு வரும் சாளை, அயிலை, நாக்கு மீன் எதற்கும் இந்தக் கவலை வேண்டாம்; முட்டை முதல் முதிர்ச்சி வரை பார்த்தாகிவிட்டது. நாலைந்து மாதிரிகளை மட்டும் வைத்து, அதுவும் ஒரே பாலில், ஒரு குடும்பம் நிற்கிறதென்றால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். உங்கள் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த மூன்று குடும்பங்களுக்கும் எழுதியிருக்கும் தாடை, துடுப்பு, மூக்கு விவரங்கள் இன்றும் சரியானவை. தலைப்புகளின் பக்கத்தில் மட்டும் பென்சிலால் குஞ்சு, ஆண், பெண் என்று எழுதிக்கொள்ளுங்கள். என் புத்தகத்தில் நான் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.